இந்தியாவின் ஆயுத ஏற்றுமதியும் ஆயுதங்களின் தரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸுக்குப் பிரம்மோஸ் ஏவுகணை போன நாளிலிருந்து நம் ஆயுத ஏற்றுமதி பற்றிய பேச்சு கூடிவிட்டது. உலகமே இந்திய ஆயுதங்களுக்காக வரிசையில் நிற்கிறது என்று ஒரு சாரார் மார்தட்டுகிறார்கள். இங்கே செய்த துப்பாக்கி அவசரத்துக்குச் சுடாது என்று இன்னொரு சாரார் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இரண்டு தரப்புமே பாதி விவரத்தை வைத்துக்கொண்டு பேசுகின்றன என்பது என் கருத்து. மீதி விவரத்தையும் சேர்த்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தியா ஆண்டுக்கு எவ்வளவுக்கு ஆயுதம் விற்கிறது?

2013–14 நிதியாண்டில் 686 கோடி ரூபாய். 2024–25இல் 23,622 கோடி ரூபாய். அதாவது 34 மடங்கு. ஆனால் இது ஆண்டுதோறும் சீராக ஏறிய கணக்கு இல்லை. 2018–19இல் 10,745 கோடியைத் தொட்டுவிட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் 9,115 கோடி, 8,434 கோடி என்று இறங்கியது. 2021–22இல் 12,814 கோடியாக எழுந்து, 2023–24இல்தான் முதல் முறையாக 20,000 கோடியைத் தாண்டியது.

2024–25 கணக்கில் தனியார் நிறுவனங்களின் பங்கு 15,233 கோடி, பொதுத்துறையின் பங்கு 8,389 கோடி. இந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது கேள்விக்கு இது வேண்டும்.

உலக அளவில் அது பெரிய தொகையா?

இல்லை. ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம் ஐந்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்துக் கணக்கு வெளியிடுகிறது. 2020–24 கணக்கில் அமெரிக்கா மட்டும் உலக ஏற்றுமதியில் 43 சதவீதம். இந்தியா ஒரு சதவீதத்துக்கும் கீழே. இறக்குமதியில் பார்த்தால் உக்ரைனுக்கு அடுத்த இடம் நமக்குத்தான், 8.3 சதவீதம். விற்பதைப் பற்றிப் பெருமைப்படும்போது வாங்குவதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

23,622 கோடி ரூபாயும் துப்பாக்கி, பீரங்கி, ஏவுகணைதானா?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தத் தொகையில் பெரும் பகுதி உதிரிபாகங்களும் துணைப் பாகங்களும். இந்தியாவிடம் அதிகம் வாங்கும் நாடுகள் பட்டியலில் அமெரிக்காவும் பிரான்ஸும் ஆர்மீனியாவும் முன்னால் இருக்கின்றன. அமெரிக்கா நம்மிடம் பீரங்கி வாங்கவில்லை. ஹைதராபாத்தில் டாடாவும் போயிங்கும் சேர்ந்து நடத்தும் ஆலையில் அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்பகுதி தயாராகிறது. அதே ஊரில் டாடாவும் லாக்ஹீட் மார்ட்டினும் சேர்ந்து சி-130ஜே விமானத்தின் வால் பகுதியைச் செய்கின்றன. இவை அமெரிக்காவுக்குப் போய், அங்கே முழு விமானமாகின்றன. தனியார் பங்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதைக் குறைத்துச் சொல்லவில்லை. விமான உடற்பகுதியில் ஒரு துளை இம்மி அளவு தள்ளிப் போனாலும் அந்தத் துண்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கண்டிப்புக்குப் பழகிய தொழிலாளர்களும் பொறியாளர்களும் நாளைக்கு நம்முடைய விமானத்துக்கும் உதவுவார்கள். ஆனால் பிறர் வரைபடத்துக்குப் பாகம் செய்து கொடுப்பது வேறு, நாமே வடிவமைத்த ஆயுதத்தை ஒரு நாட்டின் ராணுவம் நம்பி வாங்குவது வேறு. இரண்டையும் ஒரே தொகைக்குள் போட்டுச் சொன்னால் படம் மங்கிவிடும்.

இவை தவிர குண்டு துளைக்காத உடைகள், டோர்னியர் விமானங்கள், சேதக் ஹெலிகாப்டர்கள், விரைவுப் படகுகள், இலகு ரக டார்பிடோக்கள் என்று பலதும் போகின்றன. பீகாரில் தைத்த காலணிகள் ரஷ்ய ராணுவத்துக்குப் போவதாக அரசே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் முழு ஆயுத அமைப்பாக எதை விற்றிருக்கிறோம்?

முதலில் சொல்ல வேண்டியது பிரம்மோஸ். 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் சுமார் 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. கரையிலிருந்து கப்பலைத் தாக்கும் வகை, மூன்று பேட்டரிகள், அதாவது மூன்று ஏவு அணிகள். அந்நாட்டு வீரர்கள் நாக்பூருக்கு வந்து பயிற்சி எடுத்தார்கள். 2024 ஏப்ரல் 19 அன்று முதல் தொகுதியை நம் விமானப்படையின் சி-17 விமானம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்த தொகுதி 2025 ஏப்ரலில் போனது.

தென்சீனக் கடலில் சீனக் கப்பல்களோடு பிலிப்பைன்ஸ் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சீனாவுக்கு இணையாகக் கப்பல் கட்டிக் கட்டுப்படியாகாது. ஒலியைப் போல 2.8 மடங்கு வேகத்தில், கடல் மட்டத்தை ஒட்டி வரும் ஏவுகணை கரையில் நின்றால், எதிரிக் கப்பலின் தளபதி கிட்ட வருவதற்கு முன் யோசிப்பார். அந்த வேகத்தில் வரும்போது கப்பலுக்குக் கிடைக்கும் நேரம் சில பத்து நொடிகள்தான். வாங்குபவருக்குத் தெளிவான தேவை இருந்தது, நம்மிடம் அதற்குச் சரியான பொருள் இருந்தது. நல்ல ஆயுத வியாபாரம் இப்படித்தான் நடக்கும்.

அடுத்து ஆர்மீனியா. 2020இல் நாகோர்னோ-கராபாக் போரில் அஜர்பைஜானிடம் தோற்றபின், ரஷ்யாவை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று அந்த நாடு முடிவெடுத்தது. எதிரி குண்டு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் சுவாதி ரேடாருக்கு அந்தப் போருக்கு முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தது; அதன்பின் பினாகா ராக்கெட் அமைப்பு, வானில் வரும் இலக்கை வீழ்த்தும் ஆகாஷ் ஏவுகணை என்று வரிசையாக நம்மிடம் வாங்கியது. பினாகா ஒரு வண்டியிலிருந்து 44 நொடியில் 12 ராக்கெட் ஏவும். கார்கில் போரிலேயே அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம்.

பிரம்மோஸ் இந்திய ஏவுகணையா, ரஷ்ய ஏவுகணையா?

இரண்டு நாட்டுடையதும். 1998இல் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் ரஷ்ய நிறுவனம் ஒன்றும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் அது. பங்கு இந்தியாவுக்கு 50.5, ரஷ்யாவுக்கு 49.5 சதவீதம். வழிகாட்டும் பாகங்களும் தொடக்க உந்தியும் காலப்போக்கில் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. ஆனால் மூன்றாவது நாட்டுக்கு விற்க வேண்டுமானால் இரண்டு அரசுகளும் தலையாட்ட வேண்டும். வாங்க நினைக்கும் நாட்டுக்கு ரஷ்யாமீதான அமெரிக்கத் தடைகளைப் பற்றிய தயக்கமும் இருக்கும். சில பேச்சுவார்த்தைகள் ஆண்டுக்கணக்கில் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்திய ஆயுதங்கள் தரமற்றவை என்று சொல்கிறார்களே, உண்மையா?

சில ஆயுதங்கள், சில காலங்களில், ஆம். அதை மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை.

இன்சாஸ் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். 1990களின் பின்பகுதியில் படைக்கு வந்தது. உள்ளே எத்தனை தோட்டா மிச்சம் என்று தெரிவதற்காக அதன் தோட்டாக்கூட்டை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் கார்கில் மலையின் கடுங்குளிரில் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. தோட்டாக்கூடு விரிந்தால் உள்ளிருக்கும் தோட்டா கோணலாக ஏறும், துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். ஓர் அழுத்தத்துக்கு மூன்று தோட்டா என்று வைத்திருந்த அமைப்பும் சில சமயம் கட்டுப்பாடு இல்லாமல் தொடர்ந்து சுட்டது. சுடும்போது எண்ணெய் முகத்தில் தெறிக்கிறது என்றும் வீரர்கள் சொன்னார்கள்.

இதே துப்பாக்கியை நேபாளத்துக்கும் கொடுத்தோம். 2005 ஆகஸ்டில் காலிகோட் மாவட்டத்தின் பிலி முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கியபோது நேபாள வீரர்கள் 43 பேர் இறந்தார்கள். மணிக்கணக்கில் நடந்த சண்டையில் இன்சாஸ் துப்பாக்கிகள் சரிவர வேலை செய்யவில்லை என்று நேபாள ராணுவம் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. பயன்படுத்திய விதம் சரியில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். குளிரில் நின்ற நம் வீரனே குறை சொன்ன ஒரு துப்பாக்கியை அண்டை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அவர்கள்மீதே பழியைத் திருப்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பிற்பாடு தோட்டாக்கூட்டைத் திருத்தினார்கள், மேம்பட்ட வடிவங்களும் வந்தன. இருந்தும் பேர் கெட்டது கெட்டதுதான். கடைசியில் நம் ராணுவமே ரஷ்ய வடிவமைப்பான ஏகே-203க்கும் அமெரிக்க சிக் சாவருக்கும் மாறியது.

ஆனால் ஆகாஷ் நன்றாகத்தானே வேலை செய்கிறது?

இன்று, ஆம். அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

2017 ஜூலையில் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி ஒரு தணிக்கை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. விமானப்படைக்கு வந்த ஆகாஷ் ஏவுகணைகளில் 20ஐ 2014 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை ஏவிப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 6 தோல்வி. முப்பது சதவீதம். சில இலக்கை எட்டாமலே விழுந்தன, சிலவற்றின் வேகம் போதவில்லை, சிலவற்றில் முக்கியப் பாகங்கள் வேலை செய்யவில்லை. போர் நடந்திருந்தால் இவை ஆபத்தாக முடிந்திருக்கும் என்றே தணிக்கையாளர்கள் எழுதினார்கள்.

அந்த அறிக்கை வந்த நாளில் ஆகாஷ் கதை முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. குறை எந்தப் பாகத்தில் என்று தேடித் திருத்தினார்கள், ராணுவமும் விமானப்படையும் தொடர்ந்து வாங்கின, தொடர்ந்து ஏவிப் பார்த்தன. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஆகாஷ் ஏற்றுமதிக்கு அனுமதி கொடுத்தது. 2023 டிசம்பரில் ஆந்திராவின் சூரியலங்கா விமானப்படைத் தளத்தில் ஒரே ஏவு அமைப்பு ஒரே நேரத்தில் நான்கு இலக்குகளை வீழ்த்திக் காட்டியது. ஆர்மீனியாவுக்கு 2024இல் முதல் தொகுதி போனது. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலில் ட்ரோன்களுக்கு எதிராக ஆகாஷ் களத்தில் நின்றது.

முப்பது சதவீதத் தோல்வி நமக்கு எப்படித் தெரிந்தது? சிஏஜி எழுதியதால்தான் தெரிந்தது. குறையை வெளியே சொல்லும் தணிக்கை இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஏவுகணைகள் அப்படியே கிடங்கில் உட்கார்ந்திருக்கும். தணிக்கை அறிக்கை வந்தாலே தேசத்துக்கு எதிரான வேலை என்று கோபப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். அண்மைக் காலமாகப் பாதுகாப்புத் துறை பற்றிய தணிக்கை அறிக்கைகள் முன்போல வெளியில் கிடைப்பதில்லை. ஏற்றுமதி ஏறுகிற நேரத்தில் இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

ஈக்வடாரில் துருவ் ஹெலிகாப்டருக்கு என்ன ஆனது?

2008இல் ஏழு துருவ் ஹெலிகாப்டர்களுக்கு ஈக்வடார் நம் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல்லிடம் ஒப்பந்தம் போட்டது. சுமார் 4.5 கோடி டாலர். போட்டியாளர்களைவிட மிகக் குறைந்த விலை கேட்டுத்தான் நாம் அந்த ஒப்பந்தத்தைப் பிடித்தோம். 2009 அக்டோபரில் கீட்டோ நகரில் ராணுவ நிகழ்ச்சி ஒன்றில் முதல் ஹெலிகாப்டர் விழுந்தது. 2015க்குள் நான்கு விழுந்துவிட்டன. 2015 அக்டோபரில் ஈக்வடார் ஒப்பந்தத்தை ரத்து செய்து மீதி மூன்றையும் தரையில் நிறுத்தியது.

நான்கில் இரண்டுக்கு விமானியின் தவறு, இரண்டுக்கு இயந்திரக் கோளாறு என்று விசாரணைகள் சொல்லின. ஹெச்ஏஎல் ஆதரவாளர்கள் முதல் பாதியை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும். இரண்டு தரப்பும் தொடாத விஷயம் ஒன்று உண்டு. உதிரிபாகம் நேரத்துக்கு வரவில்லை என்பதும் ஈக்வடாரின் முக்கியப் புகார்.

ஒரு ஹெலிகாப்டரின் வாழ்நாள் முப்பது ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை ஆண்டும் சுழல்தகட்டுத் தாங்கியிலிருந்து கியர் பெட்டி வரை குறிப்பிட்ட பறப்பு நேரத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். அந்தப் பாகம் பெங்களூரில் இருந்து தென் அமெரிக்காவுக்குப் போக மாதக்கணக்கு ஆனால், அங்கே இருப்பவர் என்ன செய்வார்? நிறுத்திவைப்பார், இல்லை தேய்ந்த பாகத்தோடு பறப்பார். விமானிக்குப் போதிய பறப்பு நேரமும் கிடைக்காது. அப்புறம் நடப்பது விமானியின் தவறா, இயந்திரக் கோளாறா என்று பிரிப்பதே கடினம். குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, பின்னால் நின்று பார்த்துக்கொள்ள ஆளையும் கிடங்கையும் அங்கே வைக்காமல் விட்டதுதான் அடிப்படைப் பிழை என்பேன். அதன்பின் லத்தீன் அமெரிக்காவில் துருவை விற்பது பெரும்பாடாகிவிட்டது.

உள்நாட்டிலும் துருவுக்குச் சோதனை தீரவில்லை. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தபின், எல்லா துருவ்களும் மாதக்கணக்கில் தரையில் நின்றன. மறுபக்கம், சியாச்சின் பனிமலையில் அன்றாடம் உயிர்காக்கும் வேலை செய்ததும் இதே ஹெலிகாப்டர் குடும்பம்தான். இரண்டும் உண்மை.

ஒரு பீரங்கிக் குண்டின் தரத்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

155 மி.மீ. குண்டை எடுத்துக்கொள்வோம். எடை 40 கிலோவுக்கு மேல். எஃகுக் கூட்டுக்குள் வெடிமருந்தை உருக்கி ஊற்றுவார்கள். உருகிய மருந்து ஆறும்போது சுருங்கும். சுருங்கும் இடத்தில் காற்றுக்குமிழ் அல்லது விரிசல் விழலாம். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் சுடும் கணத்தில் அந்தக் குண்டின்மீது புவியீர்ப்பைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் விசை விழுகிறது. குமிழ் இருந்தால் மருந்து அங்கே இடிந்து நசுங்கிச் சூடாகி, குழலுக்குள்ளேயே வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் பிழைப்பது அரிது. அதனால்தான் குண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள்.

குண்டு உடலைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை இருக்கும். குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய சுழல்வரியில் அது கடித்துப் பிடித்துத்தான் குண்டு சுழல்கிறது. பட்டையின் அகலம், இறுக்கம், அது உட்காரும் பள்ளத்தின் ஆழம் எல்லாம் அளவுகோலுக்கு உட்பட்டவை. அப்புறம் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து ஒடிசாவின் சாந்திப்பூர், மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சி போன்ற சோதனைத் திடல்களில் சுட்டுப் பார்ப்பார்கள். உந்துமருந்தைச் சூடாக்கியும் குளிரவைத்தும் சுடுவார்கள், ஏனென்றால் ராஜஸ்தான் வெயிலிலும் லடாக் பனியிலும் அதே குண்டுதான் போக வேண்டும். குழல் அழுத்தமும் வேகமும் வரம்புக்குள் இல்லாவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் தள்ளிவிட வேண்டும்.

முறை நன்றாகத்தான் இருக்கிறது. சறுக்கல் வருவது முறையைச் சுருக்கும் இடத்தில். 2014 முதல் 2020 வரை சுமார் 960 கோடி ரூபாய் மதிப்புள்ள வெடிமருந்து தரக்குறைவால் வீணானதாக ராணுவத்தின் உள்ளறிக்கை சொன்னதாக 2020இல் செய்திகள் வந்தன. அரசு ஆயுத ஆலைகளை அப்போது நடத்திய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் அதை மறுத்தது.

தனுஷ் பீரங்கியில் போலிப் பாகம் என்று கேள்விப்பட்டேனே?

2017 ஜூலையில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. பீரங்கிக்கான பேரிங்குகளை ஜெர்மனியில் செய்தவை என்று சொல்லி, சீனத் தயாரிப்பைத் தலையில் கட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பீரங்கியின் குழல் எந்தப் பக்கம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஆளும் பாகம் இந்தப் பேரிங். அளவு கொஞ்சம் பிசகினால் பல கிலோமீட்டர் தாண்டி விழும் குண்டு இலக்கைத் தவறவிடும். தனுஷ் அதன்பின் சோதனைகளில் தேறிப் படையில் சேர்ந்தது. பீரங்கியை வடிவமைத்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பாகம் வாங்கும் மேசையில் கோட்டை விட்டால் தரம் போய்விடும் என்பதற்கு இந்த வழக்கு போதும்.

படைக்கலத் தொழிற்சாலைகளை நிறுவனங்களாக மாற்றியதால் பலன் உண்டா?

2021 அக்டோபர் 1 அன்று வாரியத்தைக் கலைத்து ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். தொழிலாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. ஏற்றுமதியைப் பொறுத்தவரை பலன் தெரிகிறது. முன்பு ராணுவம் கேட்டதை மட்டும் செய்து கொடுத்த ஆலைகள், இப்போது வெளிநாட்டு ஆர்டரைத் தேடிப் போகின்றன. குறிப்பாகப் புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா 155 மி.மீ. குண்டுகளுக்கு நல்ல ஆர்டர்களைப் பிடித்தது. உக்ரைன் போருக்குப்பின் உலகம் முழுவதும் குண்டுப் பஞ்சம் வந்தது அதற்குக் கைகொடுத்தது. வெளிநாட்டுக்குப் போகும் குண்டுக்கும் நம் ராணுவத்துக்குப் போகும் குண்டுக்கும் ஒரே கண்டிப்பு இருக்க வேண்டும், நம் வீரனுக்கு மட்டம் போதும் என்ற எண்ணம் எந்த ஆலையிலும் தலைதூக்கக் கூடாது.

தேஜஸ் விமானத்தை ஏன் யாரும் வாங்கவில்லை?

மலேசியா 2023இல் தென்கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் 18 வாங்கியது. அர்ஜென்டினா 2024இல் டென்மார்க்கிடமிருந்து பழைய எஃப்-16 வாங்கியது. இரண்டு இடத்திலும் தேஜஸ் பெயர் அடிபட்டது. அர்ஜென்டினா விஷயத்தில் ஒரு சிக்கல் கூடுதலாக இருந்தது: தேஜஸில் விமானி உட்காரும் இருக்கை பிரிட்டனில் செய்தது. ஃபாக்லாந்து போருக்குப்பின் அர்ஜென்டினாவுக்குப் பிரிட்டன் ராணுவப் பாகம் விற்பதில்லை.

அடிப்படைக் காரணம் எளிமையானது. நம் விமானப்படை 2021இல் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 2024 மார்ச்சில் வரத் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்க எஞ்சின் வரத் தாமதம், நம் பக்கத்திலும் வேலை பாக்கி என்று தள்ளிப்போனது. சொந்த நாட்டுக்கே நேரத்துக்குக் கொடுக்க முடியாததை வெளிநாட்டுக்காரர் எந்த நம்பிக்கையில் வாங்குவார்? 2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்து நம் விமானி உயிரிழந்தார். அது தேஜஸின் இரண்டாவது விபத்து. ஒற்றை எஞ்சின் போர்விமானத்துக்குப் பல ஆண்டுகளில் இரண்டு விபத்து அதிகமில்லை என்று வல்லுநர்கள் சொல்வது சரிதான், ஆனால் வாங்க வந்தவர்களின் கண் முன்னால் நடந்தது என்பதால் அதன் கனம் வேறு.

தமிழ்நாட்டின் பங்கு என்ன?

பலர் நினைப்பதைவிட அதிகம். நீலகிரியில் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை 1904இலிருந்து இயங்குகிறது. குண்டை உந்தித் தள்ளும் மருந்து அங்கே தயாராகிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தன் பெயரிலேயே ஒரு துப்பாக்கி செய்கிறது. ஆவடியில் டி-72, டி-90, அர்ஜுன் டாங்கிகள். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்டு டி கப்பல் தளம். வியட்நாமுக்குக் கொடுத்த 12 அதிவேகக் காவல் படகுகளில் ஐந்து இந்தியாவில் கட்டியவை, மீதி ஏழை எல் அண்டு டி உதவியோடு வியட்நாமிலேயே கட்டினார்கள். 2022 ஜூனில் ஒப்படைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஐந்தையும் இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் இருக்கிறது. துல்லிய வார்ப்பும் கடைசல் வேலையும் தெரிந்த கோவைச் சிறு பட்டறைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் பாதுகாப்புத் துறை ஆர்டரில் சோதனையும் சான்றிதழும் முடிந்து பணம் கைக்கு வர நாளாகும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் இறங்க வேண்டும்.

கடன் கொடுத்து ஆயுதம் விற்பது நமக்கு நஷ்டமில்லையா?

வியட்நாம் படகுகள் 10 கோடி டாலர் இந்தியக் கடனில் போனவை. வட்டியை மட்டும் பார்த்தால் லாபம் குறைவு. ஆனால் கப்பல் விற்றால் பராமரிப்பு, உதிரிபாகம், பயிற்சி என்று உறவு நீளும். மொரீஷியஸுக்கு 2014இல் கொடுத்த பாரகுடா, இந்தியா ஏற்றுமதி செய்த முதல் போர்க்கப்பல். அதன்பின் அந்த நாட்டோடு கடற்படை நெருக்கம் கூடியது. பெரிய நாடுகள் எல்லாமே இப்படித்தான் சந்தை பிடித்தன.

யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாமா?

சட்டப்படி முடியாது. ராணுவப் பொருட்கள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன, பாதுகாப்பு உற்பத்தித் துறையின் அனுமதி வேண்டும். வாங்கும் நாடு தானே பயன்படுத்தும், பிறருக்குக் கைமாற்றாது என்று இறுதிப் பயனர் சான்றிதழ் தர வேண்டும்.

நடைமுறையில் கேள்விகள் இருக்கின்றன. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபிறகு, 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதமும் அது சார்ந்த பொருட்களும் இந்தியாவிலிருந்து போனதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023இல் பதிவு செய்தார். இந்திய நிறுவனங்கள் இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்புவதைத் தடுக்கக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்பது நீதிமன்றத்தின் நிலை. அதே மாதம், இந்தியக் குண்டுகள் ஐரோப்பிய நாடுகள் வழியாக உக்ரைனுக்குப் போவதாக ராய்ட்டர்ஸ் எழுதியபோது, வெளியுறவு அமைச்சகம் அது ஊகம், தவறான செய்தி என்றது. உலக ஆயுத வணிக ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திடவில்லை, 2013 வாக்கெடுப்பில் ஒதுங்கிக்கொண்டோம்.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. சொந்த மக்கள்மீதே குண்டு போடும் ராணுவத்துக்கு ஒரு திருகாணிகூட விற்கக் கூடாது. அண்டை நாடு, எல்லைப் பாதுகாப்பு, சீனா உள்ளே வந்துவிடும் என்று சொல்லப்படும் காரணங்கள் எனக்குத் தெரியும், அவை வெறும் சாக்கு என்றும் சொல்லமாட்டேன். ஆனால் யாருக்கு என்ன போனது என்பதையாவது நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் நாடுவாரியாக வைக்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகள் வைக்கின்றன.

2029க்குள் 50,000 கோடி ரூபாய் இலக்கு நடக்குமா?

2024–25இன் 23,622 கோடியிலிருந்து 2028–29இல் 50,000 கோடிக்குப் போக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் வளர வேண்டும். 2024–25இல் வளர்ந்தது 12 சதவீதம். ஆனால் பிரம்மோஸ் போல ஒரு பெரிய ஒப்பந்தம் வந்தால் ஒரே ஆண்டில் தொகை எகிறும். 2025 மே மோதலுக்குப்பின் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள், லக்னோவில் புதிய பிரம்மோஸ் ஆலையும் அதே மாதம் திறந்தது. ஆகவே தொகையை எட்டுவது நடக்கக்கூடியதுதான்.

நான் கவனிக்கப்போவது வேறு இரண்டு இடங்களை. ஒன்று, பிலிப்பைன்ஸில் பிரம்மோஸுக்கான பராமரிப்பு வசதி எவ்வளவு சீக்கிரம் முழுமையாக நிலைகொள்கிறது என்பது. இன்னொன்று, ஆர்மீனியா இரண்டாவது முறை, மூன்றாவது முறை ஆர்டர் கொடுக்கிறதா என்பது. ஒருமுறை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்த ராணுவம் மறுபடி வந்து கேட்டால், அந்த ஆயுதத்தின் தரத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேறில்லை.